பேனாவும் விலங்கும் – 14: ரோசாப்பூ துரை கண்ட இரண்டு சட்டங்கள்

1959 ஜனவரி 21. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகையின் குறுக்கே கட்டி முடித்த அணையை முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். அணைக்கு மேற்கே தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும். கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி இறங்கினால் உசிலம்பட்டிச் சீமை. அன்றைக்குத் திறப்பு விழா மேடையில் நின்ற காமராஜர், அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்னால் வெடிகுண்டு வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர். 1933 இல் போலீஸ் சோடித்த விருதுநகர் வெடிகுண்டு வழக்கு அது. வழக்கு நின்றிருந்தால் அவர் அரசியலில் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம். அவருக்காக வாதாடி அதை உடைத்தவர்கள் இரண்டு பேர்: டாக்டர் வரதராஜுலு நாயுடு, பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். இரண்டு பேருமே பத்திரிகை நடத்திச் சிறைக்குப் போனவர்கள். நாயுடுவைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழ் ஜோசப்புக்கு.

சென்ற இதழில் போஸ்னியாவின் பான்யா லூகா நகரத்து ஜெல்கோ கோபான்யாவைப் பார்த்தோம். செர்பியராகப் பிறந்தும், 1992 போரின்போது செர்பியப் போலீஸ்காரர்கள் தெஸ்லிச் பகுதியில் சாதாரண முஸ்லிம் மக்களைக் கொன்றதைத் தன் ‘நெசாவிஸ்னே நோவினே’ நாளிதழில் 1999 இல் அம்பலப்படுத்தியவர். அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று காலை காரில் வைத்த குண்டு வெடித்து இரண்டு கால்களையும் இழந்தவர். கால் போன பிறகும் பத்திரிகையை விடாதவர். அவரைப் போல நம் மண்ணில் யாரும் இல்லையா என்று கேட்டால், அச்சு அசலாக அப்படி ஒருவரைக் காட்டுவது கஷ்டம்தான். ஜோசப் இன்றைய அர்த்தத்தில் புலனாய்வுப் பத்திரிகையாளர் அல்ல. முதலில் வக்கீல், பிறகு பத்திரிகை ஆசிரியர், மறுபடி வக்கீல். ஆனாலும் கோபான்யாவை எழுதி முடித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் இவர்தான். பேசுவதால் தனக்கு ஒரு காசு லாபமில்லை, நஷ்டம்தான் என்று தெரிந்த இடத்தில் பேசுகிற குணம் இரண்டு பேருக்கும் பொது.

ஜோசப் மதுரைக்காரர் அல்ல, தமிழரும் அல்ல. 1887 ஜூன் 5 அன்று திருவிதாங்கூரின் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, எடின்பரோவில் தத்துவப் படிப்பு, லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம் என்று வரிசையாக முடித்துவிட்டு 1909 இல் ஊர் திரும்பினார். கொஞ்ச காலம் சென்னை, பிறகு மதுரை. அவருடைய தம்பி போத்தன் ஜோசப்பைப் பத்திரிகை உலகத்துக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘இந்துஸ்தான் டைம்ஸ்’, ‘டான்’, ‘டெக்கான் ஹெரால்ட்’ என்று வரிசையாகப் பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்து, கார்ட்டூனிஸ்ட் சங்கரைக் கைபிடித்து டெல்லிக்கு அழைத்து வந்தவர். பத்திரிகை வரலாறு எழுதுகிறவர்கள் தம்பிக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி, அண்ணனை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். தொழில் கணக்கில் பார்த்தால் அது நியாயம்தான். தம்பி வாழ்நாள் முழுக்க ஆசிரியர். அண்ணன் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் மொத்தமாகக் கூட்டினாலும் சொற்பம்.

மதுரைக்கு வந்த பாரிஸ்டர் கோர்ட்டோடு நிற்கவில்லை. 1917 இல் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியாவின் சுயாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் தேர்ந்தெடுத்தபோது, முப்பது வயது ஜோசப்பும் அதில் இருந்தார். கப்பல் ஜிப்ரால்டர் வரைக்கும்தான் போனது. அங்கேயே பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். (அந்தக் குழுவில் இருந்த இன்னொருவர் சேலம் வக்கீல் பி.வி. நரசிம்ம ஐயர். பின்னாளில் துறவியாகி, ரமண மகரிஷியின் வரலாற்றை எழுதி, சீரடி சாய்பாபாவைத் தென்னாட்டில் பரப்பிய நரசிம்ம சுவாமி அவரேதான். ஒரே கப்பலில் ஏறியவர்கள் எங்கெங்கே இறங்குகிறார்கள் பாருங்கள்.) 1918 இல் மதுரை ஹார்வி மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைப்பதில் ஜோசப் முன்னால் நின்றார். 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தை எதிர்க்க மதுரைக்கு வந்த காந்தி தங்கியது இவர் வீட்டில்.

இதெல்லாம் அந்தக் காலத்துத் தேசியவாதிகள் பலரும் செய்த காரியம். ஜோசப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது அடுத்தது.

உசிலம்பட்டிச் சீமையில் எட்டு நாடுகளாகப் பிரிந்து வாழும் பிரமலைக் கள்ளர்களுக்குப் பரம்பரைத் தொழில் காவல். ஊர்க்காவல், களத்துக்காவல் என்று காவல் கூலி வாங்கிப் பிழைத்தவர்கள். வெள்ளைக்காரன் போலீஸ் வந்ததும் அந்தக் காவல் உரிமை சட்டவிரோதமானது. 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறந்து கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு மேற்கே நிலம் தேடிப் போன குடும்பங்கள் உண்டு. மறு ஆண்டே, 1896 இல், திண்டுக்கல், மதுரைப் பக்கம் குடியானவர்கள் ‘பண்டு’ சேர்த்துக் கள்ளர்களைக் காவலிலிருந்தும் ஊர்களிலிருந்தும் துரத்திய கலவரங்கள் நடந்தன. காவலும் போய், நம்பிக்கையும் போய், மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு நின்ற சனத்தின் தலையில் இறங்கியதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம்.

1871 இல் வட இந்தியாவுக்கு என்று போட்ட சட்டம். 1911 இல் திருத்தி எழுதிச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1914 இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் முதலில் பாய்ந்தது. 1918 இல் பிரமலைக் கள்ளர் சாதி முழுவதும் அறிவிக்கை செய்யப்பட்டது. உசிலம்பட்டியில் மட்டுமல்ல, கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறியவர்களையும் அது விடவில்லை. ஊர்ச்சனம் அதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் போலீஸ் கச்சேரியில் பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். பலருக்கு ராத்திரிப் படுக்கையே கச்சேரியிலோ சாவடியிலோதான். கல்யாணம் ஆன அன்றைக்கே மாப்பிள்ளை கச்சேரிக்குப் படுக்கப் போன கதையை இன்றும் எட்டு நாட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் சந்தைக்குப் போனால் அதுவே குற்றம். சட்டத்தில் சொன்ன குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை என்றால் ஏழு வருடத்துக்குக் குறையாது. மூன்றாம் முறை என்றால் ஆயுள்.

இதில் ஒரு பாரிஸ்டர் செய்யக்கூடியது என்ன? அங்கேதான் சிக்கல். ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தது செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். சட்டத்தின் மேல் வழக்குப் போட வழியே இல்லை. ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு வழக்காக, கூண்டில் நிற்பவனுக்காகத்தான் வாதாட முடியும். இவன் அன்று ராத்திரி எங்கே இருந்தான், ரேகை வைத்தானா, சீட்டு வாங்கினானா, பதிவேட்டில் ஏட்டு எழுதியது நிஜமா என்று தோண்ட வேண்டும். ஃபீஸ் கொடுக்க வழியில்லாத கட்சிக்காரர்கள். ஜோசப் அவர்களுக்காக நின்றார், கோர்ட்டில் வாதாடினார், பத்திரிகைகளில் இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார். ஜார்ஜ் ஜோசப் என்ற பெயர் வாயில் நுழையாத சனம் அவரை ‘ரோசாப்பூ துரை’ ஆக்கிக்கொண்டது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

ஜோசப்பின் வாழ்க்கையை வாசிக்கிறவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் திருத்தப்பட்டது 1911. அதற்கு ஒரே ஒரு ஆண்டு முன்னால், 1910 இல், அதே அரசாங்கம் இந்தியப் பத்திரிகைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. அச்சகம் வைக்க வேண்டுமா? முதலில் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கட்டு. ஏற்கெனவே நடக்கிற அச்சகத்திடம் 5,000 வரைக்கும் கேட்கலாம். அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஒரு வரி வந்தால் ஈடு பறிபோகும். மறுபடி கட்டு, இன்னும் அதிகமாகக் கட்டு. அதுவும் போனால் அச்சகமே போகும். இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவன் இன்னும் எதுவும் செய்யவில்லை. ஆனால் செய்வான் என்று அரசாங்கம் நினைக்கிறது. அதனால் அவன் முன்கூட்டியே ஜாமீன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கள்ளர் கொடுத்த ஜாமீன் பத்து விரல் ரேகை. பத்திரிகைக்காரர் கொடுத்தது பணம்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. பத்திரிகைக்காரர் ஈடு பறிபோனால் இரண்டு மாதத்துக்குள் ஐகோர்ட்டுக்குப் போகலாம். அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’விடம் 1916 மே மாதம் 2,000 ரூபாய் ஈடு கேட்டார்கள். ஆகஸ்டில் அதைப் பறித்துக்கொண்டு 10,000 கட்டச் சொன்னார்கள். அம்மையார் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். தோற்றார், ஆனாலும் போக முடிந்தது. உசிலம்பட்டிக் கள்ளருக்கு அந்தக் கதவே கிடையாது. அம்மையாரின் இயக்கத்தில் இருந்துகொண்டே கள்ளர் வழக்குகளையும் பார்த்த ஜோசப்புக்கு இரண்டு சட்டத்தின் உள்ளும் புறமும் தெரியாமல் இருந்திருக்காது. அடுத்த சில ஆண்டுகளில் பத்திரிகைச் சட்டம் அவர் கழுத்திலேயே விழுந்தது.

அதற்கு முன்னால் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் ரேகை எடுக்க அதிகாரிகளும் போலீஸும் போனார்கள். ஊர் மறுத்தது. துப்பாக்கி வெடித்தது. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனதாகச் சொல்லப்படும் மாயாக்காள் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். பிழைத்தவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் கோர்ட்டுக்கு நடத்தியே கூட்டிப் போனார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அமிர்தசரஸ் தேசத்தின் காயமானது. பெருங்காமநல்லூர் பல காலம் அந்த வட்டாரத்தின் துக்கமாகவே நின்றுவிட்டது. சுட்டவனின் துப்பாக்கி ஒன்றுதான். செத்தவர்களைக் ‘குற்றப் பரம்பரை’ என்று தாளில் எழுதி வைத்திருந்ததால் தேசியப் பத்திரிகைகளுக்கும் அது பெரிய செய்தியாகப் படவில்லை என்பது என் எண்ணம். மதுரையில் செல்வாக்குள்ள ஒரு நாளிதழ் அன்று ஜோசப் கையில் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அவர் கைக்குப் பத்திரிகை வந்தது ஆயிரம் மைலுக்கு அப்பால்.

1920 இல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் ஜோசப் நல்ல வருமானம் வந்துகொண்டிருந்த தொழிலை உதறினார். குடும்பத்தோடு அலகாபாத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மோதிலால் நேரு 1919 பிப்ரவரியில் ‘இண்டிபெண்டன்ட்’ என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்கியிருந்தார். அதே ஊரின் மிதவாதப் பத்திரிகையான ‘லீடர்’க்குப் போட்டி. முதல் ஆசிரியர் சையத் உசேன் விலகிப் போன பிறகு பத்திரிகை நிலைகொள்ளாமல் தவித்தது. ஆசிரியர் பொறுப்பு பிறகு மதுரைப் பாரிஸ்டரிடம் வந்தது. கோர்ட்டில் ஜூரியைப் பார்த்துப் பேசிப் பழகியவர், இந்தி பேசும் ஊரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தலையங்கம் எழுதினார். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றிவிட்டு அரைவேட்டிக்கு மாறியபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரைத் தன் வீட்டில் வைத்து உபசரித்த ஜோசப் ஊரில் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தார். காங்கிரஸ் புறக்கணிக்கச் சொன்னது. டிசம்பர் 6 அன்று அலகாபாத்தில் மோதிலாலும் ஜவாஹர்லாலும் கைதானார்கள். ஜோசப்பும் பிடிபட்டார். ராஜத் துரோகம் என்று 18 மாதச் சிறை. பத்திரிகையைக் காப்பாற்றக் காந்தி தன் செயலாளர் மகாதேவ தேசாயை அனுப்பினார். அரசாங்கம் ஈட்டுத்தொகையைப் பறித்தது, அச்சகம் நின்றது. தேசாயும் தொண்டர்களும் கையால் எழுதிப் பிரதி எடுத்து ‘இண்டிபெண்டன்ட்’டை வெளியிட்டார்கள். பணம் கட்டினால்தானே அச்சடிக்க முடியும். கையெழுத்துக்கு யார் ஈடு கேட்பது? அரசாங்கம் தேசாயையும் பிடித்து ஓராண்டு உள்ளே வைத்தது. நைனி, பிறகு லக்னோ சிறை. அங்கே ஜவாஹர்லால் நேரு, மகாதேவ தேசாய், புருஷோத்தம தாஸ் டாண்டன், காந்தியின் மகன் தேவதாஸ் ஆகியோரோடு ஜோசப்பும் இருந்தார். பிற்காலத்தில் எழுதப்பட்ட வரலாறுகளில் அந்தச் சிறை அறை பெரிய பெயர்களால் நிரம்பியிருக்கிறது. அதில் ஜோசப்பின் பெயர் ஒரு மூலையில் வரும்.

வெளியே வந்ததும் இன்னொரு ஆசிரியர் பொறுப்பு. 1922 மார்ச்சில் ‘யங் இந்தியா’ கட்டுரைகளுக்காகக் காந்திக்கு ஆறு ஆண்டுச் சிறை விதித்திருந்தார்கள். அந்த வார இதழை ஆள் மாற்றி ஆள் நடத்திக்கொண்டிருந்தார்கள். ராஜாஜி பார்த்துக்கொண்டார். 1923 இல் அவர் இடத்துக்கு ஜோசப் வந்தார். காந்தி இல்லாத ‘யங் இந்தியா’வை நடத்துவது லேசான வேலையல்ல. வாசகன் தேடுவது காந்தியின் எழுத்தை. கிடைப்பது வேறொருவர் எழுத்து. ஜோசப் அதிலும் தன் குரலில்தான் எழுதினார் என்பதை அந்த ஆண்டு இதழ்களைப் புரட்டினால் தெரியும். 1924 பிப்ரவரியில் காந்தி விடுதலையாகிப் பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஜோசப் தெற்கே வந்தார்.

வந்த இடத்தில் வைக்கம் காத்திருந்தது. மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன் எல்லாம் வரிசையாகக் கைதாக, ஜோசப் தலைமை ஏற்றார். காந்தியிடமிருந்து ஏப்ரல் 6 தேதியிட்ட கடிதம் வந்தது. இது இந்துக்கள் தங்களைத் தாங்களே சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டிய காரியம், அவர்களே செய்யட்டும். நீங்கள் அனுதாபத்தாலும் பேனாவாலும் உதவலாம், இயக்கத்தை நடத்தவோ சத்தியாக்கிரகம் செய்யவோ வேண்டாம் என்பது அதன் சாரம். ஜோசப்புக்கு அது கோயில் விவகாரமாகத் தெரியவில்லை. ஊர்ப் பணத்தில் போட்ட பொதுச் சாலையில் நடக்கிற உரிமை. சில நாட்களில் அவரும் கைதாகித் திருவனந்தபுரம் சிறைக்குப் போனார்.

காந்தியின் வாதத்துக்கு அவர் பக்கத்தில் நியாயம் இருக்கலாம். கிறிஸ்தவர் தலைமை தாங்கினால் சனாதனிகள் அதையே காரணம் காட்டி மதச் சண்டையாக்கிவிடுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் ‘பேனாவோடு நில்’ என்று சொன்னது ஜோசப்பிடம் போய்ச் சொல்லக்கூடிய சொல் இல்லை. அந்த மனிதர் பேனா பிடித்ததற்காகவே ஒரு தடவை சிறைக்குப் போய் வந்தவர்.

இங்கே நம் பள்ளத்தாக்கு கதைக்குள் வருகிறது. தலைவர்கள் எல்லாம் உள்ளே போய்விட, போராட்டத்தைத் தொடர ஆள் வேண்டுமென்று ஜோசப் உள்ளிட்டோர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஈ.வெ.ராமசாமிக்குச் செய்தி அனுப்பினார்கள். செய்தி வந்தபோது தான் மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்ததாகப் பெரியார் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கின் மலையடி ஊர். இன்று இளையராஜாவால் உலகத்துக்கே தெரிந்த ஊர். அங்கிருந்து ஈரோடு திரும்பி, ஏப்ரல் மத்தியில் பெரியார் வைக்கம் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். வைக்கம் வீரர் என்ற பட்டத்துக்குப் பின்னால் ஒரு மதுரை வக்கீலின் அழைப்பும் இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

வைக்கத்துக்குப் பிறகு ஜோசப்புக்கும் காந்திக்கும் இடையே பழைய நெருக்கம் இல்லை. காங்கிரஸிலிருந்து விலகினார், மறுபடி அருகில் வந்தார். மதுரைக்குத் திரும்பிக் கறுப்பு அங்கியை மாட்டினார். சைமன் குழு மதுரைக்கு வந்தபோது கறுப்புக்கொடி காட்டியவர்களில் அவரும் இருந்தார். இளைஞர் காமராஜரும் இருந்தார். 1933 இல் விருதுநகர் வழக்கு. 1937 இல் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். அங்கே அதிக நாள் பேச வாய்க்கவில்லை. 1938 மார்ச் 5 அன்று மதுரையில் இறந்தார். ஐம்பத்தொரு வயது நிறையவில்லை. மதுரைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அவர் சமாதிக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இன்றும் ஆட்கள் மாலையோடு வருகிறார்கள்.

அவர் கண்ட இரண்டு சட்டங்கள் என்ன ஆயின? 1910 பத்திரிகைச் சட்டம் 1922 இல் ரத்தானது. பன்னிரண்டு ஆண்டு. பத்திரிகைக்காரர்களுக்காகப் பேசச் சட்டசபையில் ஆள் இருந்தது, பேனா இருந்தது, லண்டனில் நண்பர்கள் இருந்தார்கள். (1931 இல் வேறு பெயரில் ஈட்டுத்தொகையைத் திரும்பக் கொண்டுவந்தது தனிக்கதை.) குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்க 1947 ஆனது. 1911 இலிருந்து முப்பத்தாறு ஆண்டு. அதற்குள் ஜோசப் செத்து ஒன்பது ஆண்டாகிவிட்டது. அந்தக் கடைசிக் கட்டப் போராட்டத்தில் முத்துராமலிங்கத் தேவரும், ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்ற கம்யூனிஸ்டுகளும் உழைத்ததை வேறோர் இதழில் எழுதுகிறேன். சட்டத்தை ஒழித்தவர் ஜோசப் என்று மேடைகளில் பேசுவது மிகை. அவரால் அதை ஒழிக்க முடியவில்லை. சட்டம் உச்சத்தில் இருந்தபோது, அதில் பிடிபட்டவன் தனியாகக் கூண்டில் நிற்காமல் பார்த்துக்கொண்டார். சட்டத்தின் மறுபக்கமாக அரசாங்கம் நடத்திய கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முந்நூறுக்கு நெருக்கமாக இன்றும் இருக்கின்றன. ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே படித்து வாத்தியாராகவும் கலெக்டர் ஆபீஸ் ஊழியராகவும் ஆனார்கள். சிலர் பத்திரிகையாளர்களாகவும் ஆனார்கள்.

பிரமலைக் கள்ளர்களைப் பற்றி அறிஞர்கள் எழுதாமல் இல்லை. பிரான்சின் லூயி துய்மோன் 1949 வாக்கில் உசிலம்பட்டிப் பக்கத்தில் தங்கி எழுதிய நூல் மானுடவியலில் புகழ்பெற்றது. கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறிய கள்ளர் விவசாயிகளைப் பற்றி ஆனந்த் பாண்டியன் 2009 இல் ஆங்கிலத்தில் விரிவான புத்தகம் எழுதினார். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலை நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஜோசப்பின் வாழ்க்கையை அவர் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கீவர்கீஸ் ஜோசப் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த எல்லாப் புத்தகங்களிலும் ஓர் இடைவெளி நிற்கிறது. கீழ்க்கோர்ட்டுகளில் ரோசாப்பூ துரை ஆளாளுக்காக நடத்திய வழக்குகளின் தாள்கள். எந்த ஊர்க்காரன், என்ன குற்றச்சாட்டு, என்ன வாதம், என்ன தீர்ப்பு என்ற விவரம். பெரிய வழக்குகள் சட்ட அறிக்கைகளில் நிற்கும். ராத்திரி கச்சேரிக்குப் போகாததற்காகப் பிடிபட்டவனின் வழக்கை யார் அச்சில் ஏற்றுவார்கள்?

ஆகவே ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, சேடபட்டி, போடி, கம்பம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வீடுகளை இடித்துக் கட்டும் காலம் இது. பரணில், டிரங்குப் பெட்டியில், சாமி வீட்டில் தாத்தா காலத்துத் தாள் எதுவும் அகப்பட்டால், ராதாரிச் சீட்டாகவோ கோர்ட் நகலாகவோ ரேகைப் பதிவின் பிரதியாகவோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சாதிப் பெயர் அதில் இருக்கிறதே என்று கூச்சப்பட்டுக் கொளுத்திவிடவும் வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்து, எந்த ஊர், யார் வைத்திருந்தது என்று ஒரு வரி எழுதி, இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.